குழாய் போட்டு எத்தனை வருடம் ஆயிற்று?

(கூட்டத்தில் படித்துக் காட்டுவதற்கான உரை)



வெளியே பேசக் கூச்சப்படும் விஷயங்கள் சில உண்டு. சிறுநீர் அவற்றில் ஒன்று. ஆனால் கூச்சப்பட்டு மூடி வைத்தால் சில சமயம் உயிருக்கே ஆபத்து வந்துவிடும். அதனால் இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச்சு.

எந்த ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவராக இருக்கலாம். மரத்திலிருந்து விழுந்தவராக இருக்கலாம். லாரி மோதி முதுகெலும்பு ஒடிந்தவராக இருக்கலாம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது. சிறுநீர் தானாகப் போகாது. அதற்காக ஒரு குழாய் போட்டிருப்பார்கள். குழாயின் மறுமுனையில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும்.

வயதான தாத்தா ஒருவரும் இருப்பார். ஒருநாள் சிறுநீர் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் குழாய் போட்டார்கள். "திரும்ப வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். போக முடியவில்லை. பஸ் செலவுக்குப் பணம் இல்லை. கூட வர ஆள் இல்லை. குழாய் அப்படியே இருக்கிறது. பையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

இவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "குழாய் போட்டு எத்தனை வருடம் ஆயிற்று?" இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதைப் பார்ப்போம்.

சிறுநீர்ப்பையின் வேலை

உடலில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. அவை இரத்தத்தைச் சுத்தம் செய்கின்றன. கழிவைச் சிறுநீராகப் பிரிக்கின்றன. அந்தச் சிறுநீர் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்குகிறது. அடிவயிற்றில் உள்ள ஒரு பையில் சேருகிறது. அதுதான் சிறுநீர்ப்பை.

சிறுநீர்ப்பை ரப்பர் பலூன் போல விரியும், சுருங்கும். ஏறக்குறைய அரை லிட்டர் வரை பிடிக்கும். பை நிறைந்ததும் நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகும். "போக வேண்டும்" என்று தோன்றும். போனதும் பை காலியாகும்.

முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் அடிபட்டால் இந்தச் செய்தி போகாது. பை நிறைந்தாலும் தெரியாது. வயதான ஆண்களுக்கு வேறு தொல்லை வரும். சிறுநீர்ப்பையின் வாயருகே புராஸ்டேட் என்ற சுரப்பி இருக்கிறது. வயதாக ஆக அது வீங்கிப் பாதையை நெருக்கும். சிறுநீர் வெளியே வராமல் நின்றுவிடும்.

இப்படிப்பட்ட சமயத்தில் குழாய் உயிரைக் காக்கிறது. மருத்துவர்கள் இதைக் கதீட்டர் என்பார்கள். மக்கள் டியூப் என்பார்கள். உள்ளேயே தங்கும் குழாயின் நுனியில் ஒரு சிறிய பலூன் இருக்கும். உள்ளே போனதும் அந்தப் பலூனில் நீர் ஏற்றுவார்கள். அதனால் குழாய் நழுவி வெளியே வராது. 1930-களில் இந்தக் குழாயை அமைத்தவர் பிரடெரிக் ஃபோலி என்ற அமெரிக்க மருத்துவர். அதனால் இதற்கு ஃபோலி குழாய் என்று பெயர்.

ஆயுள் நீண்டது, புதிய கேள்வி வந்தது

ஒரு காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர்கள் அதிக நாள் வாழவில்லை. சிறுநீரில் கிருமி சேரும். அது சிறுநீரகத்துக்கு ஏறும். படுக்கைப் புண் வரும். சில மாதங்களில் இறந்துபோனவர்களே அதிகம்.

1944-ல் இங்கிலாந்தில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் இவர்களுக்காகத் தனிப் பிரிவு தொடங்கினார். ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரின் மருத்துவமனையில் அது நடந்தது. சிறுநீரையும் தோலையும் கவனமாகப் பார்த்துக்கொண்டால் இவர்கள் பல்லாண்டு வாழலாம் என்று அவர் காட்டினார்.

இந்தியாவிலும் அப்படி வாழ்ந்து காட்டியவர்கள் உண்டு. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் நடந்த விபத்தில் நடக்க முடியாதவர் ஆனார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அவர் பணியாற்றிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1966-ல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. மேஜர் அலுவாலியா 1965-ல் எவரெஸ்ட் சிகரம் ஏறியவர். அதே ஆண்டு நடந்த போரில் குண்டு பாய்ந்து சக்கர நாற்காலிக்கு வந்தார். பிறகு டெல்லியில் இந்தியத் தண்டுவடக் காய மையத்தை நிறுவினார். 2022-ல்தான் அவர் காலமானார்.

அடிபட்டவர்களின் ஆயுள் நீண்டது. இது பெரிய வெற்றி. ஆனால் ஆயுள் நீண்டபோது சிலருக்குக் குழாயும் 10 வருடம், 20 வருடம் என்று உள்ளேயே தங்கியது. அதனால் என்ன ஆகும் என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது.

கை காய்ப்பதைப் பாருங்கள்

மண்வெட்டி பிடிக்கிறவர் கையைப் பாருங்கள். தினமும் பிடி உராய்கிறது. தோல் தடித்துக் காய்த்துப் போகிறது. உராய்வைத் தாங்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அதனால் கெடுதல் இல்லை.

சிறுநீர்ப்பையின் உள்பக்கம் அப்படிப்பட்ட இடம் அல்ல. அங்கே இருப்பது மெல்லிய, வழவழப்பான சவ்வு. குழாயின் நுனி அதன்மேல் இரவும் பகலும் படுகிறது. குழாய் வழியாகக் கிருமிகள் ஏறுகின்றன. ஒரு மாதம் குழாய் இருந்தால் ஏறக்குறைய எல்லாருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். சிலருக்கு உள்ளே கல் சேரும். கல்லும் உராயும்.

இப்படி வருடக்கணக்கில் நடந்தால் சவ்வு புண்ணாகிறது, ஆறுகிறது. மறுபடியும் புண்ணாகிறது, ஆறுகிறது. ஒவ்வொரு தடவையும் புதிய அணுக்கள் உண்டாகின்றன. காலப்போக்கில் மெல்லிய சவ்வு தடித்த தோல் போல மாறலாம். இந்த மாற்றமே புற்றுநோய் ஆகாது. ஆனால் மாறிய அணுக்களில் சில, எப்போதாவது ஒரு முறை, கட்டுப்பாடு இல்லாமல் பெருகத் தொடங்கும். அதுதான் புற்றுநோய்.

இது எத்தனை பேருக்கு வருகிறது?

இதைக் கேட்டு யாரும் பயந்துவிட வேண்டாம். கணக்கைப் பாருங்கள்.

அமெரிக்காவில் தண்டுவடம் அடிபட்ட 3670 பேரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். 2002-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. 3670 பேரில் 21 பேருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்திருந்தது. மற்ற எல்லாருக்கும் வரவில்லை.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. உள்ளேயே தங்கும் குழாயை வைத்திருந்தவர்களுக்கு, அப்படி வைக்காதவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு அதிக ஆபத்து இருந்தது. 10 வருடத்துக்கு மேல் குழாய் வைத்திருப்பவர்களிடம் இந்தப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படுகிறது என்று வேறு ஆய்வுகளும் சொல்கின்றன.

ஆக, வருகிறவர்கள் சிலரே. ஆனால் வருடம் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. அதனால்தான் எத்தனை வருடம் என்ற கேள்வி முக்கியம்.

பீடியும் சிகரெட்டும்

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் புகைதான். புகையில் உள்ள நஞ்சு நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் அதை வடிகட்டிச் சிறுநீர்ப்பைக்கு அனுப்புகிறது. அங்கே அது பல மணி நேரம் தேங்கி நிற்கிறது. குழாயும் இருந்து, பீடியும் பிடித்தால், புண்ணின் மேல் நஞ்சை ஊற்றுவதுபோல. கட்டிலில் படுத்திருப்பவருக்குப் பொழுது போகட்டும் என்று பீடிக்கட்டு வாங்கிக் கொடுக்கும் உறவினர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

"சூடு" என்று சொல்லிக் கெடுத்தது

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கொத்தனார் ஒருவர் மாடியிலிருந்து விழுந்து 14 வருடம் ஆகிறது. அன்றிலிருந்து குழாயோடு இருக்கிறார். மனைவி கூலி வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். ஒருநாள் காலை பையில் சிறுநீர் செந்நிறமாக இருக்கிறது.

பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்க்கிறார். "இது சூடுதான் அக்கா. வெயில் என்ன அடி அடிக்குது! இளநீர் வெட்டிக் கொடுங்க. வெந்தயம் ஊற வைத்துக் கொடுங்க" என்கிறார்.

இளநீர் கொடுக்கிறார்கள். இரண்டு நாளில் சிறுநீர் தெளிந்துவிடுகிறது. "சூடு தணிந்துவிட்டது" என்று நிம்மதி அடைகிறார்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் இரத்தம். மறுபடியும் இளநீர். மறுபடியும் தெளிகிறது. இப்படி ஒரு வருடம் ஓடிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். புற்றுநோயில் வரும் இரத்தம் பெரும்பாலும் நிற்காமல் வந்துகொண்டே இருக்காது. வரும், நின்றுவிடும், பிறகு வரும். நின்றது இளநீரால் அல்ல. அது தானாகவே நின்றது. பெரும்பாலும் வலியும் இருக்காது. தண்டுவடம் அடிபட்டவருக்கு வலி இருந்தாலும் தெரியாமல் போகலாம். உடல் வேறு எச்சரிக்கை எதையும் கொடுக்காமல் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியும் அந்த இரத்தம்தான் எச்சரிக்கை.

இரத்தம் வந்தால் எல்லாம் புற்றுநோய் என்று நினைக்கக் கூடாது. குழாய் மாற்றும்போது சிறிது கீறல் பட்டாலும் வரும். கிருமித் தாக்குதலாலும் வரும். கல்லாலும் வரும். எது காரணம் என்பதை வீட்டில் இருந்து சொல்ல முடியாது. மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வேறு சில அறிகுறிகளும் உண்டு. குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்வது. அடிக்கடி காய்ச்சலும் கிருமித் தாக்குதலும் வருவது. குழாயைச் சுற்றி ஒழுகுவது. குழாய் நுழையும் இடத்தில் கட்டி அல்லது சீழ் தென்படுவது. முன்பு இல்லாத இந்தத் தொல்லைகள் புதிதாகத் தொடங்கினால் உடனே காட்ட வேண்டும்.

மருத்துவர் என்ன செய்வார்?

பெரிய அரசு ஆஸ்பத்திரியில் யூராலஜி என்று ஒரு பிரிவு இருக்கும். கதவில் பலகை தொங்கும். அந்தப் பலகையைப் படித்து நீங்களே அங்கே போகலாம். அங்கே சிறுநீரைச் சோதிப்பார்கள். ஸ்கேன் எடுப்பார்கள். தேவைப்பட்டால் மெல்லிய கேமராக் குழாயை உள்ளே விட்டுச் சிறுநீர்ப்பையைப் பார்ப்பார்கள். சந்தேகமான இடம் இருந்தால் சிறு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள்.

நோய் சிறுநீர்ப்பையோடு நிற்கும்போதே கண்டுபிடித்தால் சிகிச்சை செய்யலாம். வெளியே பரவிய பிறகு கண்டுபிடித்தால் குணப்படுத்துவது மிகவும் கடினம். கொத்தனார் வீட்டில் கழிந்த அந்த ஒரு வருடத்தின் விலை இதுதான்.

குழாய் போட்டு 10 வருடம் ஆனவர்கள் தொல்லை இல்லாவிட்டாலும் வருடம் ஒரு முறை யூராலஜி மருத்துவரைப் பார்ப்பது நல்லது. என்ன சோதனை வேண்டும் என்பதை அவர் முடிவு செய்வார்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 2018-ல் தொடங்கிய பிரதம மந்திரி ஜன் ஆரோக்கிய யோஜனா திட்டத்தில் சேர்ந்த குடும்பத்துக்கு, ஆஸ்பத்திரியில் தங்கிச் செய்யும் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அட்டை இருக்கிறதா என்று வீட்டில் தேடிப் பாருங்கள்.

குழாய் இல்லாமல் இருக்க முடியுமா?

பலருக்கு முடியும். இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

புராஸ்டேட் வீக்கம் உள்ள தாத்தாவுக்கு மாத்திரை உண்டு, அறுவைச் சிகிச்சையும் உண்டு. அவருக்குப் போட்ட குழாய் பெரும்பாலும் தற்காலிக ஏற்பாடுதான். "திரும்ப வாருங்கள்" என்று சொன்னது அதற்காகத்தான். போகாமல் விட்டதால் தற்காலிகக் குழாய் நிரந்தரக் குழாய் ஆகிவிட்டது.

தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஒரு மெல்லிய குழாயை அவர்களே உள்ளே விட்டுச் சிறுநீரை வெளியேற்றலாம். முடிந்ததும் குழாயை எடுத்துவிடலாம். ஒரு நாளைக்கு 4 முதல் 6 தடவை இப்படிச் செய்ய வேண்டும். மற்ற நேரத்தில் உள்ளே குழாய் இருக்காது. உராய்வும் குறைவு, கிருமியும் குறைவு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிச் சுத்தமாகச் செய்தால் போதும் என்று 1972-ல் ஜாக் லாபிடஸ் என்ற அமெரிக்க மருத்துவர் எடுத்துக் காட்டினார். அதன் பிறகு உலகெங்கும் இந்த முறை பரவியது. பெண்களும் செய்யலாம். கை வேலை செய்யாதவருக்கு வீட்டில் ஒருவர் கற்றுக்கொண்டு செய்யலாம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கற்றுக் கொடுப்பார்.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. உள்ளேயே தங்கும் குழாய் தவிர வழி இல்லாதவர்களும் உண்டு. அவர்கள் குழாயை நல்லபடி பராமரித்தால் தொல்லை குறையும். குழாயைத் தொடும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும். தரையில் படக் கூடாது. நிரம்பி வழியும் முன் காலி செய்ய வேண்டும். குழாய் மடங்கக் கூடாது. மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். குழாயைக் குறித்த நாளில் மாற்ற வேண்டும். ரப்பர் குழாயைச் சில வாரங்களிலேயே மாற்ற வேண்டும். சிலிகான் குழாய் அதைவிட அதிக நாள் தாங்கும். போட்டது எந்தக் குழாய், எப்போது மாற்ற வேண்டும் என்று நர்ஸிடம் கேளுங்கள்.

சிலர் கேட்கும் கேள்விகள்

"பிரசவத்தின்போது இரண்டு நாள் குழாய் போட்டார்கள். எனக்கும் புற்றுநோய் வருமா?" வராது. சில நாள், சில வாரம் போட்ட குழாய்க்கும் இதற்கும் தொடர்பு இல்லை. இது வருடக்கணக்கில் இருக்கும் குழாயைப் பற்றிய பேச்சு.

"வயிற்றில் துளை போட்டு அது வழியாகக் குழாய் வைத்திருக்கிறார்கள். அதற்கும் இது பொருந்துமா?" பொருந்தும். அந்தக் குழாயும் சிறுநீர்ப்பைக்குள்ளேதான் தங்குகிறது.

"அப்படியானால் குழாயை நாமே எடுத்துவிடலாமா?" கூடவே கூடாது. உள்ளே பலூன் இருக்கிறது. இழுத்தால் கிழிந்துவிடும். எடுத்த பிறகு சிறுநீர் அடைத்தால் சிறுநீரகம் கெடும். மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும்.

"புற்றுநோய் வந்தவரைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா?" ஒட்டாது. அவருக்குச் சோறு ஊட்டலாம். அவருடைய துணியைத் துவைக்கலாம். பக்கத்தில் படுக்கலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

இப்போது உங்களால் எழுத முடியும், படிக்க முடியும். இந்த விஷயத்தில் அது பெரிய உதவி.

ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். முதல் பக்கத்தில் முதன்முதலில் குழாய் போட்ட மாதத்தையும் வருடத்தையும் எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் ஒவ்வொரு தடவை குழாய் மாற்றிய தேதியை எழுதுங்கள். அடுத்து எப்போது மாற்ற வேண்டும் என்பதையும் எழுதுங்கள். சிறுநீரில் இரத்தம் வந்தால் அந்தத் தேதியை எழுதுங்கள். காய்ச்சல் வந்தால், குழாய் அடைத்தால், அதையும் எழுதுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டைக் கையில் கொண்டு போங்கள். "எப்போதோ ஒரு தடவை இரத்தம் வந்ததுங்க" என்று சொன்னால் அவருக்கு விவரம் புரியாது. "14 வருடமாகக் குழாய் இருக்கிறது. மார்ச்சில் ஒரு தடவை, மே மாதத்தில் ஒரு தடவை இரத்தம் வந்தது" என்று காட்டினால் உடனே புரியும். அந்த ஒரு பக்கம் ஒரு உயிரைக் காப்பாற்றலாம்.

உங்கள் தெருவில் குழாயோடு இருப்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். அவருக்கு எழுதத் தெரியாமல் இருக்கலாம். அவர் வீட்டுக்குப் போங்கள். பக்கத்தில் உட்காருங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல, முதல் பக்கத்தை நீங்கள் எழுதிக் கொடுங்கள்.